இக்கரை ரஞ்சனியும் பன்னீர் சோடாவும்

திருவானைக்காவல் ஆட்டோ ஸ்டாண்டில் ரஞ்சனிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: இக்கரை ரஞ்சனி. காவிரிப் பாலத்தைத் தாண்ட மாட்டாள். ஸ்ரீரங்கம் கோயிலுக்கா, ஏறுங்க. அம்மா மண்டபமா, ஏறுங்க. கொள்ளிடக்கரையா, அதுவும் சரி. ஆனால் சத்திரம் பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன், தில்லைநகர் என்று யாராவது வாயெடுத்தால் போதும், பின்னால் நிற்கும் வண்டியைக் கை காட்டிவிடுவாள். வரிசையில் காத்துக் கிடந்து வந்த முறை வீணாகப் போனாலும் முகம் கோண மாட்டாள். விவரம் தெரியாதவர்கள், பொம்பளை வண்டிதானே, டிராஃபிக் என்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பயமாவது மண்ணாங்கட்டியாவது! உப்பிலியபுரத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அப்பாவுக்குத் தெரியாமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வயல் வரப்பை இடித்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். கல்யாணமாகித் திருவானைக்காவலுக்கு வந்த பிறகு அந்த ஸ்டாண்டில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய முதல் பெண்ணும் அவள்தான்.

பாலம் தாண்டாததற்குக் காரணம் ரோட்டில் இல்லை, அவள் நெஞ்சுக்குள் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு காலை, ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு கணவன் மனைவியை ஏற்றிக்கொண்டு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தாள். முன்னால் போன பஸ் நின்றது, இவளும் நிறுத்தினாள். காலடியில் உருண்டு கிடந்த தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தாள். அவ்வளவுதான். நெஞ்சு தறிகெட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. மாடிப்படி ஏறினால் வருகிற படபடப்பு எல்லோருக்கும் தெரியும், அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இது அப்படியில்லை. யாரோ ஸ்விட்சைத் தட்டியதுபோல ஒரே நொடியில் வந்தது. துடிப்பு தொண்டை வரைக்கும் அடித்தது. முன்னால் நின்ற பஸ் போய்விட்டது, பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது, அவளால் வண்டியை எடுக்க முடியவில்லை. பின் சீட்டு ஆசாமி இறங்கி, ஓட்டத் தெரியாதவளுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தால் இப்படித்தான் என்று பாலத்தில் போகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி திட்டிவிட்டு வேறு ஆட்டோவில் ஏறிப் போனார். நெஞ்சு துடித்ததைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

ஸ்டாண்டின் தலைவர் அடைக்கலராஜ்தான் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து அவளையும் வண்டியையும் திருப்பிக் கொண்டுவந்தார். பாலக்கரைக்காரர், பெரிய தொண்டை, அதைவிடப் பெரிய மனசு. சும்மா சொல்லக்கூடாது, யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் அவர் அறிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். ஸ்டாண்டை ஒட்டி அப்துல் அஹத்தின் சோடாக் கடை இருந்தது. தலைவலியா, சோடா. வெயிலில் மயக்கமா, சோடா. போலீஸ்காரர் கேஸ் போட்டுவிட்டாரா, அதற்கும் சோடா. அந்த ஸ்டாண்டில் ஒருத்தர் முகம் வாடினால் அடுத்தவர் சோடா வாங்கித் தருவது எழுதாத சட்டம். அன்றைக்கும் ஐஸ் பெட்டியிலிருந்து ஜில்லென்று ஒரு பன்னீர் சோடாவை எடுத்து உடைத்து ரஞ்சனி கையில் திணித்தார். மூச்சு விடாமல் ஒரே மடக்கில் குடிக்கச் சொன்னார்.

குடித்தாள். வயிற்றிலிருந்து பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. வந்த வேகத்தில், எவனோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல, நெஞ்சு அடங்கிவிட்டது.

"பார்த்தியா, நான் சொன்னேன்ல. எல்லாம் வாயு" என்றார் அடைக்கலராஜ்.

கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது? அன்றிலிருந்து அது வாயுதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வரும். உடனே சோடா, உடனே ஏப்பம், உடனே நிம்மதி. அப்துல் அஹத் அவளுக்கென்றே ஐஸ் பெட்டியின் அடியில் ஒரு பாட்டிலை எப்போதும் வைத்திருப்பார். வீட்டில் உருளைக்கிழங்கை நிறுத்தினாள், பருப்பை நிறுத்தினாள், பெருங்காயத்தை அள்ளிப் போட்டாள். இந்த அழகில் ஒரு தடவை தில்லைநகரில் ஒரு டாக்டரிடமும் போனாள். போவதற்கு முன்பே சோடாவைக் குடித்து அடக்கிவிட்டுத்தான் போனாள், பின்னே மூச்சு முட்டிக்கொண்டா போவது? ஈசிஜி எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து அவரால் அதைத்தான் சொல்ல முடியும்.

டென்ஷன் என்ற அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் கணவன் அரவிந்தன் திருவெறும்பூரில் ஒரு பட்டறையில் வெல்டர். நல்ல மனுஷன், வண்டி வாங்கும்போது துணையாக நின்றவன். அவனும் மெல்ல மெல்ல, நீ எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாய் என்று சொல்லத் தொடங்கினான். அவளுக்கே ஒரு கட்டத்தில் அது உண்மைதானோ என்று தோன்றிவிட்டது. எதற்கும் அஞ்சாதவள் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, தன் மேலேயே நம்பிக்கை விட்டுப்போவது என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சவாரிக்காரரை வைத்துக்கொண்டு மறுபடியும் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது? பாலம் தாண்டுவதை நிறுத்தினாள். இக்கரை ரஞ்சனி ஆனாள். கூப்பிட்டால் சிரித்துக்கொள்வாள், உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

ஒரு நாள் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அது வந்தது. இந்தத் தடவை கண்ணும் இருட்டியது. வண்டியை ஓரங்கட்டி ஒரு கடைப்படியில் சாய்ந்துகொண்டாள். ஒரு சோடாவுக்கு அடங்கவில்லை, இரண்டாவதற்கும் அடங்கவில்லை. மூன்றாவதற்குத்தான் நின்றது. சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அரவிந்தன், தீபாவளிக்குள் வண்டியை விற்றுவிடலாம் என்றான். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னான். அதனால்தான் அவளால் சண்டை போடக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை வண்டியைத் துடைக்கும்போது அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் காட்டாமல் இன்னொரு சவாரி ஏற்ற மாட்டாள். இந்த உடம்பை மட்டும் சோடா ஊற்றியே ஓட்டிக்கொண்டிருக்கிறாளே! கண் இருட்டியது புதிய சத்தம். ஸ்ரீரங்கத்தில் மாம்பழச்சாலைப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு, யாரிடமும் சொல்லாமல், பஸ்ஸில் போனாள்.

அங்கே டாக்டர் சுஜா இருந்தார். அவசரப்படாத பெண்மணி. காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்தார். எப்படி ஆரம்பிக்கிறது என்று கேட்டார்.

"டக்குனு வருதுங்க டாக்டர். ஆக்ஸிலரேட்டர் ஒயர் சிக்கிக்கிட்ட வண்டி மாதிரி. நான் முறுக்கவே இல்ல, அதுவா ஓடுது."

"எப்படி நிக்குது?"

"அதுவும் டக்குனுதான். சோடா குடிச்சா நின்னுடும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையுமா என்று கேட்டார். ஆமாம், குடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன் என்றாள் ரஞ்சனி. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"திருடனை நீங்களே பின்வாசல் வழியா அனுப்பிட்டு, அப்புறம் போலீஸைக் கூப்பிட்டிருக்கீங்கம்மா."

பிறகு பொறுமையாக விளக்கினார். ஜில்லென்று ஒரே மடக்கில் விழுங்குவதும், முக்கி ஏப்பம் விடுவதும் இதயத்துக்கு பிரேக் போடுகிற ஒரு நரம்பைத் தூண்டிவிடும். சிலவகைப் படபடப்பு அந்த பிரேக்குக்கு நின்றுவிடும். நின்றது வாயு இல்லை, இதயத்தின் மின்சார ஓட்டத்தில் இருக்கிற கோளாறு. நான் நினைப்பது சரியாக இருந்தால் இதைக் குணப்படுத்தலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜியில் பிடிக்க வேண்டும். அடுத்த தடவை வந்தால் சோடா வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் எங்கே ஈசிஜி இருக்கிறதோ அங்கே யாரையாவது கூட்டிக்கொண்டு நேராக வாருங்கள். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு திணறினாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அதுவரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. இதைச் சொல்லும்போது மட்டும் டாக்டர் சிரிக்கவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ரஞ்சனிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகை. உடம்பில் கோளாறு என்று கேட்டு சந்தோஷப்பட்ட ஆள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பயந்தாங்கொள்ளி இல்லை, பைத்தியம் இல்லை. ஒயரிங்கில் கோளாறு, அவ்வளவுதான்.

வண்டிக்குப் படுதா போர்த்தினாள். பிறகு காத்திருந்தாள். அங்கேதான் வேடிக்கை. இத்தனை நாள் கூப்பிடாமல் வந்தது, இப்போது வா வா என்றால் வரமாட்டேன் என்கிறது. ஒரு நாள் முழுக்க மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு, இடுப்பில் துடிப்பைப் பதிவு செய்கிற ஒரு சின்ன மெஷினைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அன்றைக்குப் பார்த்து அவள் நெஞ்சு நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. வீட்டில் உட்காரப் பொறுக்காமல் தினமும் ஸ்டாண்டுக்கு வந்து வரிசையை ஒழுங்குபடுத்தினாள், வெளியூர்க்காரர்களுக்கு வழி சொன்னாள். அடைக்கலராஜுக்கு டாக்டர் சொன்னது துளியும் பிடிக்கவில்லை. குணமாக்குகிற பொருளைக் குடிக்காதே என்று சொல்கிற வைத்தியத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்று அப்துல் அஹத்திடம் முறையிட்டார். தீபாவளிக்கு இருந்த மாதங்களோ குறைந்துகொண்டே வந்தன.

ஆடி வெள்ளி வந்தது. அம்மனைப் பார்க்க வந்த கூட்டத்தில் திருவானைக்காவலில் எள் போட்டால் எள் விழாது. ஸ்டாண்டில் வண்டி வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. ஒரு அம்மாளின் பூக்கூடை கீழே விழுந்தது. ரஞ்சனி குனிந்து எடுத்துக் கொடுத்து நிமிர்ந்தாள்.

வந்துவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்ததுமே அடைக்கலராஜுக்குப் புரிந்துவிட்டது. பழக்க தோஷம், அவர் கால் தானாகச் சோடாக் கடைக்கு ஓடிற்று. ரஞ்சனி தன்னைத் தானே சோதித்துக்கொண்டாள். கண் இருட்டவில்லை, வலி இல்லை, மூச்சு வருகிறது. ஆஸ்பத்திரி பக்கம்தான். அதற்குள் உடைத்த பாட்டில் அவள் மூக்குக்கு முன்னால் வந்துவிட்டது. கண்ணாடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஒரு மடக்கு குடித்தால் போதும், இந்த அவஸ்தை முடிந்துவிடும். அவள் உடம்பு முழுக்க அதற்காகக் கெஞ்சியது.

"சோடா வேணாம். வண்டிய எடுங்கண்ணே" என்றாள்.

அடைக்கலராஜ் வண்டியை எடுத்தார். அரவிந்தனுக்கு அப்துல் அஹத் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பாட்டிலைக் கீழே வைக்க அடைக்கலராஜுக்கு மனசில்லை, அதைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டே ஓட்டினார். கூட்டத்துக்குள் வண்டி ஊர்ந்தது. ஹாரன் அடித்தார், கத்தினார், வழிவிடாமல் பைக்கில் போன ஒருவனை அவன் பரம்பரையோடு விசாரித்தார். நடுநடுவே திரும்பி, ஒரு வாய், ஒரே ஒரு வாய் குடித்துக்கொள் தங்கச்சி என்று கெஞ்சினார். ரஞ்சனி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இத்தனை வருஷமாக எதை நின்றுவிடு நின்றுவிடு என்று வேண்டிக்கொண்டாளோ, அதையே இப்போது நின்றுவிடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தபோது எங்கே அடங்கிவிட்டதோ என்று பதறி நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். மகராசியாய் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் இவளுடைய கோலத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, பிரிட்ஜிலிருந்து ஜில்லென்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நல்ல மனசுதான், ஆனால் இந்த நேரத்திலா! ரஞ்சனி டம்ளரை அப்படியே மேஜையில் வைத்தாள்.

"தண்ணி அப்புறம். முதல்ல ஈசிஜி. இப்ப ஓடிக்கிட்டு இருக்குங்க."

கட்டிலில் படுக்கவைத்தார்கள். கையிலும் காலிலும் மார்பிலும் ஒயர்களை மாட்டினார்கள். மெஷின் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. டாக்டர் சுஜா வந்து, ஓடுகிற கோட்டைக் குனிந்து பார்த்தார். நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறாற்போல நெருங்கி நின்றன.

"மாட்டிக்கிச்சு ரஞ்சனி. இது டென்ஷன் இல்ல, வாயுவும் இல்ல."

கட்டிலில் கிடந்தபடியே, நெஞ்சு அந்த வேகத்தில் அடித்துக்கொண்டிருக்க, ரஞ்சனி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

டாக்டர் நர்ஸை ஊசி எடுத்துவைக்கச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்தார். அங்கே அடைக்கலராஜ் சோடா பாட்டிலோடு பரிதாபமாக நின்றுகொண்டிருந்தார்.

"அந்த சோடாவைக் குடுங்க சார். மெஷின் ஓடட்டும், ரஞ்சனி, இப்ப குடிங்க."

அடைக்கலராஜின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். மாலை போட்டு மேடைக்குக் கூப்பிட்டதுபோல உள்ளே வந்தார். ரஞ்சனி எழுந்து உட்கார்ந்து ஒரே மடக்கில் குடித்தாள். ஜில்லிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனாலும் ஏப்பம் வார்டு முழுக்கக் கேட்டது. காகிதத்தில் நெருக்கியடித்த கோடுகள் சட்டென்று அறுந்தன. சின்னதாக ஒரு இடைவெளி. அப்புறம் நிதானமாக, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று சாதாரணத் துடிப்பு நடந்து வந்தது. எடுத்துவைத்த ஊசிக்கு வேலையில்லாமல் போயிற்று. ஓட்டமும் அடக்கமும் ஒரே காகிதத்தில் பதிந்துவிட்டன.

அரவிந்தன் பட்டறை உடுப்போடு மூச்சிரைக்க ஓடிவந்தபோது டாக்டர் அந்தக் காகிதத்தை அவனிடம் காட்டி விளக்கினார். அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு கட்டிலருகே வந்து, "நான்தான் ரஞ்சி நம்பாம இருந்துட்டேன்" என்றான். அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம்தான். அக்கரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தொடை வழியாக மெல்லிய ஒயரை விட்டு, இதயத்தில் அதிகப்படியாக இருந்த ஒரு மின்சாரப் பாதையைச் சுட்டு அடைத்தார்கள். ஸ்டாண்டில் இதை ரஞ்சனியே விளக்கினாள். "நெஞ்சுக்குள்ள ஒரு குறுக்குச் சந்து இருந்துருக்கு. கரன்ட்டு நேரா போகாம அதுக்குள்ள பூந்து சுத்திச் சுத்தி வந்துருக்கு. இப்ப சந்தை அடைச்சுட்டாங்க." ஆட்டோக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சில நாள் கழித்து அடைக்கலராஜ், வெகுநாளாக எனக்கு மாடி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது, சோடா குடித்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். அவர் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டர் சுஜாவிடம் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

மறு பரிசோதனை முடிந்து, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையில் அரவிந்தனே படுதாவை எடுத்தான். வண்டியைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, சாவியை அவள் கையில் கொடுத்தான். விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது.

வரிசையில் அவள் முறை வந்தது. பெரிய பையோடு ஒரு பெண் வந்து, ஜங்ஷன் போகணும் என்றாள். பழக்கத்தில் அடைக்கலராஜ் பின்னால் நின்ற வண்டிக்காரரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது என் முறை" என்றாள் ரஞ்சனி. பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

மாம்பழச்சாலை தாண்டி வண்டி பாலத்தில் ஏறியது. இடப்பக்கம் மலைக்கோட்டை வெயிலில் நின்றது. பாதிப் பாலத்தில், வேண்டுமென்றே வைத்ததுபோல, முன்னால் போன பஸ் நின்றது. ரஞ்சனியும் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு, காலடியில் ஒன்றும் விழாமலேயே, நன்றாகக் குனிந்து தரையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டாள் பின்னால் இருந்தவள்.

"ஒண்ணுமில்லைங்க. இருக்கான்னு பார்த்தேன். இல்ல."

பஸ் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். ஜங்ஷனில் இறக்கிவிட்டு, அங்கிருந்தே ஸ்ரீரங்கத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் பாலம் தாண்டித் திரும்பி வந்தாள். ஸ்டாண்டில் ஒருவரும் இக்கரை என்று வாயைத் திறக்கவில்லை. அப்துல் அஹத் ஐஸ் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து உடைத்து நீட்டினார். அவள் வண்டியில் சாய்ந்துகொண்டு, முதல் தடவையாக, ஒரு வாய் குடித்தாள், நிறுத்தினாள், இன்னொரு வாய் குடித்தாள்.

"பாய், இதுல பன்னீர் வாசனை வருதே" என்றாள்.

"பன்னீர் சோடாவுல வேற என்னம்மா வாசனை வரும்?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பாட்டில் குடித்திருக்கிறாள். இனிக்கும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. வரிசையில் தன் முறை மறுபடி வரும்வரைக்கும் அவசரப்படாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.